நியூட்டன், அயோவா: வாஷிங் மெஷின் ஊரின் வேலை எங்கே போனது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டெ மாயினிலிருந்து கிழக்கே எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் நியூட்டன் வரும். சுற்றிலும் மக்காச்சோளம், சோயா. ஊர் நடுவே ஜாஸ்பர் கவுண்டி நீதிமன்றம், அதைச் சுற்றிக் கடைத்தெரு. மக்கள்தொகை பதினைந்தாயிரத்துக்குச் சற்று மேல். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில், அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய கம்பெனிகளை வரிசைப்படுத்தும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் இருந்த ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகம், ஆராய்ச்சிக் கூடம், தொழிற்சாலை மூன்றும் இருந்தன. கம்பெனியின் பெயர் மேடேக். 1893இல் தொடங்கியது. 2007 அக்டோபர் 25 அன்று நியூட்டன் ஆலையின் கடைசி வாஷிங் மெஷின் லைனை விட்டு இறங்கியது.

இந்த மாதிரி ஊர்களைப் பற்றி ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கும். வேலையெல்லாம் மெக்சிகோவுக்கும் சீனாவுக்கும் போய்விட்டது, ஊர் செத்துவிட்டது என்பது அந்தக் கதை. நியூட்டன் விஷயத்தில் இரண்டு பாதியுமே சரியில்லை. இங்கே வாஷிங் மெஷின் செய்த வேலை கடல் தாண்டவும் இல்லை, எல்லை தாண்டவும் இல்லை. அது ஒஹாயோ மாநிலத்துக்குப் போனது. அதிலும் பெரும்பகுதி கிளைட் என்ற, நியூட்டனில் பாதிகூட இல்லாத இன்னொரு சின்ன ஊருக்கு. ஊரும் சாகவில்லை. அப்படியானால் அங்கே நடந்தது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கதிரடியிலிருந்து சலவைக்கு

கம்பெனியின் நிறுவனர் எஃப். எல். மேடேக் முதலில் செய்தது விவசாயக் கருவி. கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் கதிர்க்கட்டை வெட்டித் தானாகத் தள்ளிவிடும் சாதனம். அதுவரை அந்த வேலையைக் கையால் செய்தவர்களில் பலர் விரலையோ கையையோ இழந்திருந்தார்கள், ஆகவே நல்ல விற்பனை. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: அறுவடைக் காலம் போனால் பட்டறையில் வேலை இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1907இல் மரத்தொட்டி வைத்த, கையால் சுற்றும் ஒரு சலவை இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ‘பாஸ்டைம்’ என்று பெயர். பொழுதுபோக்கு! துணி துவைப்பதற்கு இந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளும் துணி துவைத்திருக்கமாட்டார்.

அயோவாப் பண்ணை வீடுகளில் அப்போது மின்சாரம் கிடையாது. அதனால் சலவை இயந்திரத்தோடு ஒரு சிறு பெட்ரோல் எஞ்சினையும் சேர்த்து விற்றார்கள். எஞ்சினைக் காலால் உதைத்துக் கிளப்பி, புகைக் குழாயை வெளியே விட்டுவிட்டுத் துவைக்கலாம். கம்பெனியின் அடித்தளம் இந்தப் பண்ணைப் பெண்கள்தான், நகரத்து வாடிக்கையாளர்கள் பிறகு வந்தவர்கள்.

பெரிய தாவல் 1922இல் வந்தது. அதுவரையிலான இயந்திரங்களில் துணியைக் கலக்கும் துடுப்பு மூடியிலிருந்து தொங்கும், துணியைத் தண்ணீரோடு சேர்த்து இழுக்கும். கம்பெனியின் மெக்கானிக் ஹோவர்ட் ஸ்னைடர் துடுப்பைத் தொட்டியின் அடியில் வைத்தார். இப்போது தண்ணீர் துணிக்குள் பாய்ந்தது. தொட்டி மரத்திலிருந்து வார்ப்பு அலுமினியத்துக்கு மாறியது. அவ்வளவு பெரிய அலுமினிய வார்ப்பைச் செய்து தர வெளியே ஆள் இல்லாமல் நியூட்டனிலேயே வார்ப்படச்சாலை வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மேடேக் நாட்டின் முதல் நிலை சலவை இயந்திரக் கம்பெனி ஆனது, விவசாயக் கருவிகளைக் கைவிட்டது. நியூட்டன் ‘உலகின் வாஷிங் மெஷின் தலைநகர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியது. வேறு சில சலவை இயந்திரக் கம்பெனிகளும் அதே ஊரில் இருந்ததால் அது வெறும் ஜம்பம் இல்லை.

பூங்கா, நீச்சல்குளம், ஹோட்டல் என்று ஊரில் எதைத் தொட்டாலும் மேடேக் பெயர். எஃப். எல். மேடேக் நியூட்டனின் மேயராகவும் மாநிலச் செனட்டராகவும் இருந்தவர். குடும்பத்துப் பால்பண்ணையில் 1941 முதல் நீலப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். அது இன்றும் அமெரிக்காவில் பெயர்போன சரக்கு. வாஷிங் மெஷின் போய்விட்டது, பாலாடைக்கட்டி நிற்கிறது.

1938

கொடைவள்ளல் முதலாளி, நன்றியுள்ள ஊர் என்று இதைப் படித்துவிடக்கூடாது. 1937இல் எஃப். எல். இறந்தார். அடுத்த ஆண்டே நிர்வாகம் 10 சதவீதக் கூலிக் குறைப்பை அறிவித்தது. புதிதாக அமைந்திருந்த யூனியன் மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கோடையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுநர் நெல்சன் கிராஷெல் தேசியக் காவல்படையை அனுப்பி ராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். மத்திய அரசின் தொழிலாளர் உறவு வாரியம் நியூட்டனில் நடத்திக்கொண்டிருந்த விசாரணையைக்கூட அங்கே நடத்தவிடவில்லை. ஆகஸ்டில் துப்பாக்கிக் காவலுக்கு நடுவே, குறைக்கப்பட்ட கூலிக்கே தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்தத் தோல்வியில் யூனியன் அழிந்துவிடவில்லை. பிற்காலத்தில் அது வாகனத் தொழிலாளர் சங்கத்தின் 997ஆம் கிளையாக நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் நியூட்டனில் நல்ல கூலி, பென்ஷன், மருத்துவக் காப்பீடு கிடைத்ததற்கு இந்தக் கிளைதான் முக்கியக் காரணம். கம்பெனியின் நல்ல மனசு என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. 1938ஐப் பார்த்த பிறகு எனக்கு அதை ஏற்கத் தோன்றவில்லை.

ஒரு பம்ப், ஒரு ஆள்

அந்த ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்க்கலாம். வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் சிறு பம்ப் இருக்கும். 1950களில் நியூட்டனில் இதை நகரும் பட்டையின் ஓரத்தில் ஆறு பேர் வரிசையாக நின்று பூட்டினார்கள். ஒருவர் ஒரு பாகத்தை வைப்பார், அடுத்தவர் முடுக்குவார், அடுத்தவர் சீல் போடுவார். யாருக்கும் முழுப் பம்ப் தெரியாது. ஒருவர் மந்தமானால் ஆறு பேரும் காத்திருக்க வேண்டும், பழுது வந்தால் யார் செய்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

பிறகு பட்டையை எடுத்துவிட்டு மேஜை போட்டார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து முழுப் பம்பையும் தானே பூட்டி, தானே சோதித்து அனுப்புவார். காலையில் வேகமாக, மதியம் கொஞ்சம் நிதானமாக என்று வேகம் அவர் கையில். செலவு குறைந்தது, பழுதும் குறைந்தது. மேலாண்மைப் படிப்பில் ‘வேலையை அகலப்படுத்துவது’ பற்றி வரும் பாடங்களில் இந்த மேடேக் பம்ப் பல காலம் உதாரணமாக இருந்தது.

1967இல் கம்பெனி ஒரு விளம்பரப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தியது: யாரும் ரிப்பேருக்குக் கூப்பிடாததால் சும்மா உட்கார்ந்திருக்கும் மெக்கானிக். ஜெஸ்ஸி ஒயிட் என்ற நடிகர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தார். அமெரிக்காவில் அந்தத் தொப்பியும் சோக முகமும் தெரியாத வீடு இல்லை. போட்டிக் கம்பெனிகளைவிட அதிக விலைக்கு மேடேக் விற்க முடிந்தது அந்தப் பெயரால். அந்த அதிக விலையிலிருந்துதான் நியூட்டனின் கூலியும் வந்தது. பம்ப் மேஜைக்கும் டிவி விளம்பரத்துக்கும் சம்பளக் கவருக்கும் நேர்த் தொடர்பு உண்டு. இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

அறுந்த இடம்

என் வாசிப்பில், சங்கிலி முதலில் அறுந்தது நியூட்டன் தலைமை அலுவலகத்தில்தான், வெளிநாட்டுப் போட்டி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. 1980களில் அமெரிக்க வீட்டுச் சாதனத் தொழில் வேகமாக ஒன்றுசேர்ந்தது. சிறியவர்களைப் பெரியவர்கள் விழுங்கினார்கள். விழுங்கப்படாமல் இருக்க வேண்டுமானால் நாமும் பெரியவர் ஆகவேண்டும் என்று மேடேக் முடிவு செய்தது. 1986இல் மேஜிக் ஷெஃப் என்ற அடுப்புக் கம்பெனியை வாங்கியது. 1989இல் ஹூவர் வாக்குவம் கிளீனரைக் கையில் வைத்திருந்த சிகாகோ பசிபிக், ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு. பெரிய கடன் இல்லாமல் நடந்த கம்பெனி கடனில் மூழ்கியது.

ஹூவரோடு வந்த பிரிட்டிஷ் பிரிவு 1992இல் ஒரு காரியம் செய்தது. 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் அமெரிக்காவுக்கு இரண்டு விமான டிக்கெட் இலவசம்! டிக்கெட் விலை பொருளின் விலையைவிடப் பல மடங்கு என்பதை மக்கள் உடனே கணக்குப் போட்டார்கள், கம்பெனி போடவில்லை. வாக்குவம் கிளீனர் வேண்டாதவர்களும் வாங்கினார்கள். நஷ்டம் சுமார் 5 கோடி பவுண்டு. 1995இல் ஐரோப்பிய ஹூவரை இத்தாலியின் கேண்டி கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். நியூட்டன் லைனில் நின்றவர்கள் சம்பாதித்துக் கொடுத்த லாபம் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது.

இதற்கு நடுவே நியூட்டன் பொறியாளர்கள் ஒரு நல்ல இயந்திரத்தையும் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1997இல் வந்த ‘நெப்டியூன்’, முன்பக்கக் கதவு வைத்தது. மேலே மூடி வைத்த பழைய இயந்திரங்களைவிடத் தண்ணீரும் மின்சாரமும் மிகக் குறைவு. அமெரிக்க எரிசக்தித் துறை கான்சஸ் மாநிலத்தின் பெர்ன் என்ற குட்டி ஊரைத் தேர்ந்தெடுத்து, நூறு வீட்டு வாஷிங் மெஷின்களைக் கழற்றிவிட்டு இவற்றை வைத்துப் பார்த்தது. சலவைக்கான தண்ணீர் 38 சதவீதமும் எரிசக்தி 58 சதவீதமும் குறைந்தன. ஆயிரம் டாலருக்கு மேல் விலை வைத்தும் முதல் ஆண்டுகளில் நன்றாக விற்றது.

அப்புறம் கதவின் ரப்பர் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கிறது, துணி நாறுகிறது என்று புகார்கள் குவிந்தன. கூட்டு வழக்கு வந்தது, கம்பெனி சமரசம் செய்துகொண்டது. ரிப்பேரே வராது என்று முப்பது வருடம் விளம்பரம் செய்த கம்பெனிக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இருக்க முடியாது. அதே நேரம் கொரிய எல்ஜியும் சாம்சங்கும் முன்கதவு இயந்திரங்களோடு கடைகளில் நுழைந்தன. கடைசியில் சில நெப்டியூன் மாடல்களைச் சாம்சங்கிடமே செய்து வாங்கி மேடேக் பெயர் ஒட்டி விற்கும் நிலை வந்தது.

தலைவர் நாற்காலியும் ஆட்டம் கண்டது. லாய்ட் வார்டு பதினைந்து மாதம். பிறகு ஓய்வுபெற்ற லியோனார்ட் ஹேட்லியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 2001இல் ரால்ஃப் ஹேக் வந்தார். போட்டிக் கம்பெனியான வேர்ல்பூலில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர், செலவு குறைப்பில் நம்பிக்கை உள்ளவர். 2004இல் இல்லினாயின் கேல்ஸ்பர்க் குளிர்சாதனப் பெட்டி ஆலை மூடப்பட்டது, சுமார் 1,600 பேருக்கு வேலை போனது. அந்த உற்பத்தியில் பெரும்பகுதி மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குப் போனது. மேடேக் என்றாலே மெக்சிகோ என்ற நினைப்பு வந்தது கேல்ஸ்பர்க்கால்தான். அதே ஆண்டு ஜூனில் நியூட்டனில் ஏறத்தாழ 1,500 பேர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருத்துவக் காப்பீட்டில் விட்டுக்கொடுத்துத் திரும்பினார்கள்.

21 டாலர்

2005இல் கம்பெனி ஏலத்துக்கு வந்தது போலத்தான். ரிப்பிள்வுட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 14 டாலர் சொன்னது. சீனாவின் ஹையர், இரண்டு அமெரிக்க நிதி நிறுவனங்களோடு சேர்ந்து 16 டாலர் சொன்னது. வேர்ல்பூல் உள்ளே வந்து 21 டாலரில் முடித்தது. பங்குகளுக்கு சுமார் 170 கோடி டாலர், கடன் தனி. போட்டிச் சட்டப்படி இதைத் தடுக்கலாமா என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் பார்த்தது. இரண்டும் சேர்ந்தால் நாட்டின் வாஷிங் மெஷின் சந்தையில் மிகப் பெரும் பங்கு ஒரே கையில் இருக்கும். ஆனால் எல்ஜி, சாம்சங் போட்டி இருக்கிறது என்று அனுமதித்தார்கள். 2006 மார்ச் 31 அன்று விற்பனை முடிந்தது.

ஆறு வாரத்துக்குள் அறிவிப்பு வந்தது: நியூட்டன், இல்லினாயின் ஹெரின், ஆர்கன்சாவின் சர்சி மூன்று சலவைப் பிரிவு ஆலைகளும் மூடல். உற்பத்தி ஒஹாயோவின் கிளைட், மேரியன் ஆலைகளுக்கு. மூடப்படும் இடங்களில் சுமார் 4,500 வேலை போகும், ஒஹாயோவில் சுமார் 1,500 புதிய வேலை வரும்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளைட் ஆலை ஏற்கெனவே பிரம்மாண்டமானது, லைன்களில் இன்னும் இயந்திரம் ஓட்ட இடம் இருந்தது. அங்கே யூனியனும் கிடையாது. ஒரே பொருளைச் செய்ய இரண்டு ஆலை எதற்கு என்று கேட்டால் நியூட்டன் பக்கம் சொல்வதற்குப் பதில் இல்லை. நியூட்டன்காரர்கள் மோசமாக வேலை செய்ததால் மூடவில்லை. மேடேக் வாங்கப்பட்டது அதன் பெயருக்காகவும் அலமாரி இடத்துக்காகவும். வேர்ல்பூல் அப்போது உலகம் முழுவதும் ஆலை வைத்திருந்த கம்பெனி. நம் புதுச்சேரியிலும் அதற்கு வாஷிங் மெஷின் ஆலை உண்டு. எந்த ஆலை இருக்கும், எது போகும் என்பது மிச்சிகனின் பென்டன் ஹார்பரில் இருந்த தலைமை அலுவலகத்தில் முடிவாகும் விஷயம். நூறு வருடம் நியூட்டன் அப்படி முடிவு செய்கிற ஊராக இருந்தது. கேல்ஸ்பர்க்கை மூடும் முடிவு நியூட்டனில்தான் எடுக்கப்பட்டது என்பதை நியூட்டனில் யாரும் விரும்பி ஞாபகப்படுத்துவதில்லை.

யாருக்கு என்ன நடந்தது

இந்த மூடலில் மற்ற ஊர்களில் காணாத ஒன்று உண்டு. போனதில் கணிசமான பங்கு அலுவலக வேலை. கணக்கர், வடிவமைப்பாளர், வக்கீல், விளம்பரப் பிரிவு. இவர்கள்தான் பள்ளி வாரியத்திலும் தேவாலயக் குழுவிலும் உட்கார்ந்தவர்கள், கடைத்தெருவில் நல்ல சட்டை வாங்கியவர்கள். படிப்பு இருந்ததால் வேறு நகரத்தில் வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். லைன் தொழிலாளிக்கு அப்படி முடியாது. வீடு இங்கே, வயதான பெற்றோர் இங்கே, பையன் பள்ளி இங்கே, வீட்டை விற்றால் வாங்க ஆள் இல்லை.

சிலர் அரசு உதவியோடு உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் போய்ப் படித்தார்கள். இருபத்தைந்து வருடம் பிரஸ் இயந்திரத்தில் நின்ற கை, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அல்ஜீப்ரா போட்டது. பலர் தினமும் டெ மாயினுக்கு ஓட்டினார்கள். 997ஆம் கிளை பேசி வாங்கிய கூலி மணிக்கு 20 டாலரை ஒட்டி இருந்தது. வெளியே கிடைத்தது அதைவிடப் பல டாலர் குறைவு.

ஓய்வுபெற்றவர்களுக்கு அடி தாமதமாக வந்தது. அவர்களின் மருத்துவக் காப்பீட்டை மாற்ற வேர்ல்பூலுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு 2008இல் தொடங்கியது. 2012இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அந்தச் சலுகை நிரந்தர உரிமை ஆகிவிடாது என்பது சாரம். 1960களிலும் 70களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சாகும்வரை இருக்கும் என்று நம்பிய காப்பீடு அது. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து வாங்கியது என்று அவர்கள் சொல்வார்கள். காகிதத்தில் அந்த வரி இல்லை.

காற்றாலையும் பந்தயத் தடமும்

ஊர்த் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. 2006இலேயே ஊருக்கு வெளியே அயோவா ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதை 2013இல் வாங்கியது. 2024இல்தான் அதன் முதன்மைத் தொடர் பந்தயம் முதல்முறையாக அங்கே நடந்தது. பந்தய வார இறுதியில் ஹோட்டல் நிரம்பும். மற்ற நாளில் அது ஒரு காலி மைதானம். ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற விஷயம் இல்லை.

உண்மையான மாற்று என்று வந்தது காற்றாலைத் தொழில். டிபிஐ காம்போசிட்ஸ் 2008இல் ஜெனரல் எலக்ட்ரிக்குக்காக இறக்கைகள் செய்யத் தொடங்கியது. மேடேக்கின் இரண்டாம் ஆலைக் கட்டடத்தில் டிரினிட்டி நிறுவனம் காற்றாலைக் கோபுரங்கள் செய்தது. 2009 ஏப்ரல் 22 அன்று அதிபர் ஒபாமா அந்தக் கட்டடத்துக்கே வந்து பேசினார். பழைய ஆலையில் புதிய எரிசக்தி. எந்த அரசியல்வாதிக்கும் விட மனசு வராத மேடை.

இறக்கை செய்வது வாஷிங் மெஷின் பூட்டுவது போல இல்லை. நாற்பது மீட்டருக்கு மேல் நீளும் அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகக் கையால் விரிக்க வேண்டும், சுருக்கம் விழக்கூடாது. நடுவில் பால்சா மரத் துண்டுகள். மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினை உள்ளே இழுக்கவிட வேண்டும். இறுகியதும் இரண்டு பாதிகளை ஒட்டி, ஓரத்தைத் தேய்க்க வேண்டும். முகமூடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாத வேலை. பழைய மேடேக் ஆட்கள் பலர் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இந்த ஆலைக்கு ஒரே வாடிக்கையாளர், அந்த வாடிக்கையாளரின் வியாபாரமோ அரசின் வரிச்சலுகையை நம்பி இருந்தது. 2012இல் ஒபாமா மறுபடியும் நியூட்டன் வந்து டிபிஐ ஆலையில் நின்று பேசியது அந்தச் சலுகையை நீட்டிக்கச் சொல்லித்தான். 2021இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 700 பேருக்கு மேல் லேஆஃப். அதற்குச் சற்று முன்புதான் இதே டிபிஐ சென்னைக்கு அருகே இறக்கை ஆலை திறந்திருந்தது, ஆனால் அது வேறொரு வாடிக்கையாளருக்காக. நியூட்டன் வேலையைச் சென்னை எடுத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிறகு புதிய ஒப்பந்தம் வந்து, 2024இல் நியூட்டன் ஆலை மறுபடி ஓடியது. 2025 ஆகஸ்டில் டிபிஐ திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

கணக்கில் தெரியாதது

நியூட்டன் மக்கள்தொகை 2000இல் 15,579. 2010இல் 15,254. 2020இல் 15,760. இந்த மூன்று எண்ணை மட்டும் ஒருவரிடம் காட்டினால், இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்வார். ஊர் தாங்கிவிட்டது என்று எழுதியவர்கள் இந்த எண்களை நம்பி எழுதியவர்கள். ஆட்கள் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் ஆட்கள் செய்யும் வேலை, வாங்கும் சம்பளம், வேலை செய்யும் ஊர் மூன்றும் மாறின. 2008இலும் 2012இலும் ஒபாமாவுக்கு வாக்களித்த ஜாஸ்பர் கவுண்டி 2016இல் பெரிய வித்தியாசத்தில் டிரம்புக்கு வாக்களித்தது. இதற்கு மேடேக் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். மேடேக் ஆலையே இல்லாத அயோவாக் கவுண்டிகளும் அப்படித்தான் திரும்பின.

நகராட்சி இப்போது போட்டிருக்கும் கணக்கு வேறு. ஆலையைக் கூப்பிடுவதோடு ஆளையும் கூப்பிடுகிறார்கள். நியூட்டனில் புது வீடு கட்டி வாங்கினால் 10,000 டாலர் ரொக்கம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். டெ மாயினில் வேலை, நியூட்டனில் வீடு. அரை மணிக்குச் சற்று மேல் கார் ஓட்டினால் போதும், அங்கே அந்த விலைக்கு அந்த வீடு கிடைக்காது. மேடேக்கின் பழைய தலைமை அலுவலக வளாகம் லெகசி பிளாசா என்ற பெயரில் கடைகளும் அலுவலகங்களும் உள்ள இடமாகிவிட்டது. இரண்டாம் ஆலையில் கோபுரம் செய்யும் வேலை, டிரினிட்டியிலிருந்து பிரிந்த ஆர்கோசா என்ற பெயரில் நடக்கிறது. மேடேக் பெயரில் வாஷிங் மெஷின் இன்றும் கடையில் கிடைக்கும். கிளைடில் செய்கிறார்கள்.